சேற்றிலே வாழும் சிற்றெஞ்சின்

நீலப் புகை கக்கிக்கொண்டு தெருவில் ஓடிய பழைய மோட்டார் சைக்கிள்களை நம்முள் பலர் மறந்திருக்க மாட்டோம். மைசூரில் 1961 முதல் ஜாவா என்றும், பின்னர் யெஸ்டி என்றும் பெயர் தாங்கி 1996 வரை உற்பத்தியான வண்டிகள் அவ்வினத்தவையே. புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபின் அந்த 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சின் நம் நாட்டுப் புது மோட்டார் சைக்கிள்களினின்றும் விடைபெற்றது. ஆயினும், காட்டிலும் மலைச்சரிவிலும் நடைபெறும் 'என்டூரோ' என்னும் நெடும் பந்தயங்களில் அது இன்றும் ஓடுகின்றது. சாலையில் தோற்றது சேற்றில் நிலைத்து நிற்பது எதனால்?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால்தான் ஒருமுறை விசை பிறக்கும். டூ ஸ்ட்ரோக்கிலோ சுற்றுக்கு ஒரு வெடிப்பு உண்டு. வால்வுகள் வேண்டியதில்லை, சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடிவிடும். உறுப்புகள் குறைவாதலின் எடையும் குறைவு. சேற்றில் புதைந்த வண்டியைத் தனியொருவனாகத் தூக்கி நிறுத்துபவனுக்கே இதன் அருமை விளங்கும்.

குறையும் உண்டு. உள்ளே வரும் புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடுகிறது. பெட்ரோலுடன் மசகெண்ணெயும் சேர்ந்து எரிகிறது. முதற் குறைக்குக் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையைச் சேர்ந்த வால்டர் காடன் என்னும் பொறியியலார் அரும்பாடுபட்டார். நடுவில் பருத்து நுனியில் சிறுத்த புகைக்குழாயை அவர் செம்மைப்படுத்தினார். வெளிச்செல்லும் வாயுவின் அழுத்த அலை, குழாயின் ஒடுங்கிய பகுதியில் மோதித் திரும்பி, தப்பியோடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும்.

இத்தகைய வண்டிகளுக்குப் பெரும் பரீட்சை, 1913-இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் பந்தயமாகும். இதில் வெறும் வேகம் போதாது. ஒவ்வொரு சோதனை நிலையத்தையும் குறித்த நிமிஷத்தில் அடைதல் வேண்டும். கால அட்டவணையோடு காலங்கழிக்கும் ரயில்வே ஊழியராகிய நமக்கு இவ்விதி மிகவும் பிடித்திருக்கிறது! இரவில் வண்டி பூட்டிய வளாகத்தில் இருக்கும். பழுது நேர்ந்தால் ஓட்டுபவனே தன் கையால் சரிசெய்தல் வேண்டும்.

1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் எம்.இசட். வண்டிகளில் வந்த கிழக்கு ஜெர்மானியர் இதன் தலைமைக் கோப்பையை வென்றனர். 1964-இல் எர்ஃபர்ட் நகரில் நடந்த பந்தயத்தில், 650 சி.சி. டிரையம்ப் என்னும் கனத்த நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மக்வீன் கலந்துகொண்டார். வீழ்ந்து அடிபட்டு இடையிலேயே விலக நேர்ந்தது.

இன்று அவ்வெஞ்சின் தன் குறையைத் தானே திருத்திக்கொள்ள முயல்கின்றது. ஆஸ்திரியாவின் கே.டி.எம். நிறுவனம் 2017-இல், எரிபொருளை அளந்து பீச்சும் முறையை என்டூரோ டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் புகுத்தியது. தனித் தொட்டியிலிருந்து எண்ணெயும் அளவோடு செல்கிறது, புகை குறைகிறது.

நெரிசல் மிக்க நகரத் தெருவிலிருந்து அப்பழைய புகையை விலக்கியது நியாயமே. நம் குழந்தைகள் சுவாசிக்கும் காற்று எந்த வண்டியினும் பெரிது. ஆனால் அவ்வண்டியோடு ஒரு நற்பழக்கமும் மறைந்துவிடலாகாது. முன்பு ஞாயிறுதோறும் முற்றத்தில் அமர்ந்து, தகப்பனார் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்க, மகன் அருகிருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான். இன்று சிறு கோளாறுக்கும் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறோம். தன் வண்டியைத் தானே அறிந்தவனே ஆறாம் நாள் மாலையில் ஊர் திரும்புகிறான். நம் பிள்ளைகளின் கையில் சாவியைக் கொடுக்குமுன் ஒரு ஸ்பானரைக் கொடுப்போமாக.