மனத்தில் எழுந்த கோயிலும் மலைமேல் எழுந்த கோயிலும்

விழுப்புரம் மாவட்டத்தில், அனந்தபுரத்துக்கு அருகே, பரந்த ஏரியொன்றின் பக்கத்தில் பாறைக்குன்றின் மேல் நிற்கிறது பனமலை தாளகிரீசுவரர் திருக்கோயில். தாளம் என்னும் வடசொல் பனையைக் குறிக்கும். ஊரின் பெயரே இறைவனின் பெயராயிற்று. படியேறி மேலே வந்து, காற்றாட அமர்ந்து கீழே பார்த்தால் ஏரி நீரும் வயல்களும் வீட்டுக் கூரைகளும் ஒருசேரத் தெரியும். நகரங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடு சொந்த ஊர்ப் பக்கம் வரும் பெரியவர்கள் இத்தகைய குன்றுகளின் மேல் அமர்ந்து பார்ப்பது பெரும்பாலும் அந்தக் கூரைகளைத்தான்.

அவற்றுள் ஒன்று தாத்தா கட்டிய வீடாக இருக்கும். தங்கையின் திருமணத்துக்காகவோ, மூத்தவரின் படிப்புக்காகவோ ஒருநாள் கைமாறிப் போனதாக இருக்கும். இப்போது வாங்கியவரின் பிள்ளைகள் அதை விற்கப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. கையில் பணி ஓய்வுத் தொகை இருக்கிறது. ‘ஈசன் காலடியில் கடைசிக் காலம், பிறந்த வீட்டிலேயே’ என்ற எண்ணம் ஒருமுறை மனத்தில் விழுந்துவிட்டால் அதை எடுப்பது எளிதன்று. ஆசைப்படலாமா கூடாதா என்பது வேறு கேள்வி; ஆசை வந்துவிட்டது. அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதே முதுமையில் பலரை இரவில் தூங்கவிடாத கேள்வி.

இக்கேள்விக்குப் பனமலையைக் காட்டிலும் பொருத்தமான இடம் அமைவது அரிது. அதற்குக் காரணம் இக்கோயிலைக் கட்டிய மன்னன்.

இரண்டாம் நரசிம்மவர்மன் எனப்படும் பல்லவன் இராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும், காஞ்சிபுரத்துக் கயிலாசநாதர் கோயிலும் அவனுடையவை. பனமலையில் உள்ள வடமொழிச் செய்யுள் ஒன்றும், காஞ்சிக் கயிலாசநாதர் கருவறையைச் சுற்றி வெட்டப்பட்ட கல்வெட்டின் இறுதிச் செய்யுளும் ஒன்றே. அதைக் கொண்டே இரண்டு ஊர்களுக்கும் உரிய மன்னன் ஒருவனே என்று கல்வெட்டு அறிஞர்கள் உறுதி செய்தனர். விமானத்தைச் சார்ந்து சிற்றாலயங்கள் அமைந்த முறையும் காஞ்சியை நினைவூட்டும். அச்சிற்றாலயங்களுள் ஒன்றன் சுவரில், குடை நிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று, ஈசனின் ஆடலைக் கண்டு களிக்கும் உமையம்மையின் ஓவியம் இன்றும் எஞ்சியிருக்கிறது. ஆடிய பெருமானின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்த்து நிற்கும் அம்மையின் முகம் மட்டும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மலர்ந்தே இருக்கிறது.

இத்தனையும் கட்டியவன் பேரரசன். படையும் கருவூலமும் உடையவன். கல்லில் ஆசைப்பட்டான், கல்லில் கட்டினான். அவனுடைய ஆசைக்கும் செல்வத்துக்கும் இடையே வழக்கு எதுவும் எழவில்லை. காஞ்சிக் கயிலாசநாதர் வளாகத்தில் அவனுடைய அரசி ரங்கபதாகை எழுப்பியது ஒரு சிறிய ஆலயம். மகன் மகேந்திரன் எழுப்பியது அதனினும் பெரியது. மன்னனுடையது எல்லாவற்றிலும் பெரியது. ஒரே குடும்பத்தில், ஒரே வளாகத்தில், ஒவ்வொருவர் பக்தியும் ஒவ்வோர் அளவில் நிற்பதை அங்கே செல்வோர் கவனிக்கலாம்.

அந்த மன்னனின் கதையில்தான் கையில் காசில்லாத ஓர் அடியவர் வருகிறார்.

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இரயில் வழியில் உள்ள திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். பெருமானுக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சேக்கிழார் பெருமான் சொல்லும் வரலாற்றில் ஒரு செய்தியைப் பலர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். பூசலார் முதலில் மனக்கோயிலுக்குப் போகவில்லை. பொருள் தேடித்தான் போனார். எங்கெங்கோ தேடினார். சிறிதும் கிடைக்கவில்லை. ‘என் செய்வேன்’ என்று வருந்தினார். அதன் பிறகே மனத்துக்குள் செல்வத்தைச் சேர்க்கலானார். அதாவது, அவர் தம் கணக்கை முதலில் நேர்மையாகப் பார்த்துவிட்டார். வட்டிக்கு வாங்கியதாகவோ, இருந்த நிலத்தை அடகு வைத்ததாகவோ அந்த வரலாற்றில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மனத்தில்தானே கட்டுகிறோம் என்று அவர் ஒரு நொடியில் கட்டி முடித்துவிடவில்லை. நல்ல நாள் பார்த்தார். தச்சர்களைச் சேர்த்தார். அடித்தளம் இட்டு, விமானம் உயர்த்தி, சிகரம் அமைத்து, சுதை வேலை செய்து, கிணறும் மதிலும் குளமும் வகுத்து, உறக்கத்தையும் துறந்து நெடுநாள் உழைத்தார். பின்னர்க் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். செலவில்லாத கோயில்தான், ஆனால் உழைப்பில்லாத கோயில் அன்று.

அதே நாளைக் காஞ்சியில் தன் கற்றளிக்கு மன்னனும் குறித்திருந்தான். முதல் நாள் இரவு கனவில் தோன்றிய பெருமான், ‘நின்றவூரில் அன்பன் ஒருவன் நெடுநாள் நினைந்து கட்டிய ஆலயத்துள் நாளை நாம் புகுகின்றோம், நீ உன் நாளை மாற்றிக்கொள்’ என்ற பொருள்பட அருளினார். காடவர் கோமான் என்று சேக்கிழார் குறிப்பிடும் அந்த மன்னன் இராஜசிம்மனே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவன் அசரீரி வாக்கைக் கேட்டவன் என்று காஞ்சிக் கல்வெட்டே ஒரு குறிப்புத் தருவதும் இங்கே எண்ணத்தக்கது.

இனி, தாத்தாவின் வீட்டுக்கு வரலாம். பூசலார் தேடிப் பார்த்ததுபோல முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக வீட்டின் விலை 30 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். அது 2,70,000 ரூபாய். இது கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு ஒன்றும் உண்டு. அஞ்சலகங்களிலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சத் தொகையும் அதே 30 இலட்சம்தான். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 8.2 சதவிகித வட்டிப்படி மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் வரும். வீட்டை வாங்கும் நாளிலேயே அந்த மாதவருவாய் நின்றுவிடும். மருந்துக் கடைக்கும் மளிகைக்கும் போய்க்கொண்டிருந்த பணம் அது என்றால், ஓட்டுக்கூரையைப் பார்த்து மகிழும் மகிழ்ச்சி எத்தனை மாதம் நிலைக்கும்?

பழைய வீடு சும்மாவும் இராது. ஓடு மாற்ற வேண்டும், உத்திரத்தில் கரையான் பார்க்க வேண்டும், ஒவ்வொரு மழைக்கு முன்னும் சுவரைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால், பொதுவாக 70 அல்லது 75 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று வங்கிகள் எதிர்பார்க்கும். அதனால் தவணைகள் குறைந்து மாதத்தொகை ஏறும். இல்லையேல் மகனோ மகளோ சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தாத்தாவின் முற்றத்தில் ஒருநாளும் விளையாடாத பிள்ளை அந்தக் கடனைச் சுமப்பது நியாயமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

விற்பவர் பங்காளியாகவே இருந்தால் வேறொரு தொல்லை. முன்னோர் சொத்தில் பெண்மக்களுக்கும் சம உரிமையைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1989இலும், நடுவண் சட்டம் 2005இலும் வழங்கிவிட்டன. அத்தைகள், சகோதரிகள் கையெழுத்து இல்லாத பத்திரம் பின்னாளில் நீதிமன்றப் படி ஏற்றும். வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பட்டாவும் பார்க்காமல், ‘நம் வீடுதானே’ என்று முன்பணம் கொடுத்துவிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். பாசம் மிகுந்த இடத்தில்தான் பேரம் பேச நா எழுவதில்லை; விற்பவருக்கும் அது தெரியும்.

‘அடியார்கள் இப்படியா கணக்குப் பார்த்தார்கள்? குங்கிலியக் கலயர் தாலியையே கொடுக்கவில்லையா?’ என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். திருக்கடவூரில் வறுமையுற்ற கலயனாரின் மனையாள், பசித்த குடும்பத்துக்கு நெல் வாங்கி வருமாறு திருத்தாலியை எடுத்துக் கொடுத்தார். வழியில் குங்கிலியப் பொதி கண்டு, அந்தப் பொன்னைக் கொடுத்து அதை வாங்கி, ஈசன் திருமுன் தூபமிடப் போய்விட்டார் கலயனார். அன்றிரவே இறைவன் அவர் இல்லத்தை நெல்லாலும் பொன்னாலும் நிறைத்தான். ஆனால் சேக்கிழார் அந்த வீட்டின் பசியை மறைக்கவில்லை. கலயனார் வாங்கியதும் தமக்கென்று ஒரு பொருள் அன்று. அது தூபமாகி அன்றே ஈசனுக்குச் சேர்ந்தது. வீடு வாங்குவதற்கு அவரைச் சான்றுக்கு அழைப்பது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

பத்ராசலம் இராமதாசர் கதையும் அப்படியே. கோல்கொண்டா அரசில் வரி தண்டும் அதிகாரியாக இருந்த கோபண்ணா, அரசுக்குச் சேர வேண்டிய பணத்தை இராமர் கோயிலுக்குச் செலவிட்டுச் சிறைப்பட்டார். இராமனும் இலக்குவனும் வந்து கடனைத் தீர்த்தார்கள் என்று பக்தர்கள் உருகுகிறார்கள். உருகத்தக்கதே. ஆயினும் அவர் சிறையில் கழித்த ஆண்டுகளையும் அக்கதை சொல்லத்தான் செய்கிறது.

இவ்வகை முடிவுகளில் பெரும்பாலும் கேட்கப்படாத குரல் ஒன்றுண்டு. ‘பிறந்த வீடு’ என்று உருகுபவர் அநேகமாக ஆண்மகன். அவருடைய மனைவிக்கு அது புகுந்த வீடு. அந்த வீட்டின் புழக்கடைக் கிணற்றில் நீர் இறைத்ததும், புகையடுப்பில் கண் எரிந்ததும் அவருடைய நினைவுகள். அவர் பிறந்த வீட்டை வாங்கலாம் என்று யாரும் பேசுவதே இல்லை! எழுபதை நெருங்கும் வயதில், மூட்டுவலியோடு, மறுபடியும் அந்த உயரமான வாசற்படியை ஏறி இறங்கப் போகிறவர் அவர்தான். இரவில் நெஞ்சு வலித்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில், யார் வண்டியில் போவது என்ற கேள்வியை முதலில் எழுப்புபவரும் அவராகத்தான் இருப்பார். அதை உற்சாகத்தைக் கெடுக்கும் பேச்சாக எடுத்துக்கொள்ளும் கணவர்கள், பூசலார் பொருள் தேடி அலைந்த பகுதியை மறுமுறை படிக்கலாம்.

எல்லாம் பார்த்த பின்பும் கணக்கு இடம் கொடுத்தால் வாங்கலாம். அதில் தவறு ஏதுமில்லை. ஓய்வூதியம் தனியே வருகிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறது, தொகையில் பாதிக்கு மேல் கையில் மிஞ்சுகிறது என்றால் தாத்தாவின் திண்ணையில் அமர்ந்து திருமுறை ஓதுவது பெரும் பேறு. அதற்கு முன், ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் அடங்க ஓராண்டு அதே ஊரில் வாடகைக்கு இருந்து பார்ப்பது மேலும் நல்லது. பலருக்கு அந்த ஓராண்டே போதுமானதாகிவிடுகிறது.

இடம் கொடுக்கவில்லை என்றால்? வீட்டை இடிக்கும் நாளில் நிலைக்கதவையோ, பாட்டி அமர்ந்த ஊஞ்சற்பலகையையோ மட்டும் விலைபேசி எடுத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் யாரோ ஒருவரின் வாசற்கால் யாரோ ஒருவருக்கு விற்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். தாத்தாவின் பெயரால் ஊர்க்கோயிலில் ஆண்டுக்கொரு நாள் கட்டளை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பத்திரப்பதிவு வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அந்த ஊருக்குச் செல்ல ஒரு காரணமும் கிடைக்கிறது.

பேரப்பிள்ளைகளை உடன் அமர்த்தி, அந்த வீட்டின் ஒவ்வோர் அறையையும் சொல்லிக் காட்டுவதும் உண்டு. கூடத்தில் எத்தனை தூண், நெற்குதிர் எந்த மூலையில், பூசைமாடத்தில் எந்தச் சுவாமி படம், கிணற்றடியில் எந்தப் பூச்செடி என்று அவசரமின்றிச் சொல்ல வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் படமாக வரைந்து வைக்கச் செய்யலாம். பூசலார் கிணற்றையும் மதிலையும்கூட விட்டுவிடவில்லை.

மன்னன் அவரைத் தேடித் திருநின்றவூருக்கு வந்தபோது, ‘பூசல் அன்பர் கட்டிய கோயில் எங்கே?’ என்று ஊராரைக் கேட்டான். அப்படியொரு கோயில் இவ்வூரில் இல்லை என்றார்கள். அவரையே கண்டு வணங்கிக் கேட்டபோது, பொருளில்லாமையால் மனத்துள்ளே கட்டியதைப் பூசலார் சொன்னார். காஞ்சியில் மலைபோன்ற கற்றளியை எழுப்பிய மன்னன் அவர் அடியில் நிலமுற வீழ்ந்து தொழுது, தன் நகருக்குத் திரும்பினான். பூசலார் தாம் குறித்த நாளில், குறித்த வேளையில், தம் மனக்கோயிலில் பெருமானை எழுந்தருளச் செய்தார். காஞ்சியின் குடமுழுக்கு வேறொரு நாளுக்குத் தள்ளிப்போனது.