சிறு என்ஜினுக்குச் சுருதி சேர்த்தல்

ரேடியோவினால் செலுத்தும் மாதிரிப் படகுக்கென்று பழைய நைட்ரோ என்ஜின் ஒன்றை மலிவாக வாங்கியவர், வீட்டுக்கு வந்ததும் செய்கிற முதற்காரியம் எரிபொருள் ஊசித் திருகை இப்படியும் அப்படியும் திருகுவதுதான். அடியேனும் அவ்வாறே செய்து, ஒரு நல்ல பிஸ்டனைப் பறிகொடுத்தவன். ஆகவே இவ்விஷயத்தில் இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இந்த என்ஜினின் ஆகாரம் மெதனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. மோட்டார் காரைப்போல் இதற்குத் தனியாக எண்ணெய் ஊற்றி வைக்கும் இடம் கிடையாது. எரிபொருளுடன் வரும் எண்ணெயே பிஸ்டனைத் தேயாமல் காக்கிறது. இதை மறவாதிருத்தல் வேண்டும்.

தீப்பொறியும் இதற்கு வேண்டியதில்லை. குளோ பிளக்கிலுள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருளை ஒன்றரை வோல்ட் பாட்டரியால் சிவக்கச் செய்து, என்ஜினைக் கிளப்பியபின் பாட்டரியை எடுத்துவிடலாம். கம்பி தானே கனன்றுகொண்டிருக்கும். எரியும் ஆவியில் பிளாட்டினம் இவ்விதம் கனல்வதை 1817-லேயே ஹம்ப்ரி டேவி கண்டறிந்தார். அமெரிக்கரான ரே ஆர்டன் சிறு என்ஜின்களுக்கான குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1947-ல்.

பழைய என்ஜின் சுழல மறுத்தால் பலாத்காரம் கூடாது. உள்ளே ஆமணக்கெண்ணெய் பிசினாய் உறைந்திருக்கும். இதமான சூடு காட்டினால் இளகும். சுழற்றும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். குரோமியம் பூசிய பித்தளை ஸிலிண்டரும் அலுமினியப் பிஸ்டனும் கொண்ட என்ஜின், குளிர்ந்திருக்கையில் உச்சியில் இறுகுவது குற்றமன்று, குணம்! அங்கே தொளதொளவென்றிருப்பதுதான் தேய்ந்துபோனது.

பிறகு ரப்பர்க் குழாயைப் பாருங்கள். ஊசிமுனையளவு துளை இருந்தாலும் காற்றுப் புகுந்து ஓட்டம் தடுமாறும். மெதனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாதலால், திறந்து கிடந்த பழைய எரிபொருளைத் தள்ளிவிட்டுப் புதியதை ஊற்றவேண்டும். பிளக்கும் புதிதாயிருப்பது நலம். இவ்வளவும் ஆனபின்பே ஊசித் திருகில் கைவைக்கலாம்.

அதையும் கரையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாகாது. கரையில் புரொப்பெல்லருக்குப் பின்னே தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை. ஸிலிண்டரைக் குளிர்விக்கும் நீரும் இல்லை. முதலில் ஊசியைத் தாராளமாகத் திறந்து படகை நீரில் விடுங்கள். புகை மண்டும், குரல் கரடுமுரடாயிருக்கும். படகைக் கரைக்கு அழைத்து, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மூடுங்கள், மறுபடி விடுங்கள். குரல் ஏறும்.

மோசம் போவது இங்கேதான். மூட மூட வேகம் கூடி, என்ஜின் தேனாய்ப் பாடுகிறது. நம் மனமும் கூடவே பறக்கிறது. ஆனால் எரிபொருள் குறையும்போது எண்ணெயும் குறைகிறதே! என் பிஸ்டன் என்றுமில்லாத இனிமையுடன் பாடியது, பொசுங்கிப் போவதற்கு முந்தைய அரை நிமிஷத்தில். எரிபொருள்க் குழாயை ஒரு கணம் நசுக்கிப் பார்த்தால் உண்மை தெரியும்: வேகம் சற்று ஏறிப் பிறகு தணிந்தால் ஊசி சரி, உடனே தணிந்தால் மூடியது அதிகம். படகின் பின்னே மெல்லிய புகைக்கோடு எப்போதும் தெரியவேண்டும்.

குளிர்நீர் வெளியேறும் குழாயில் நீர் வராமல் என்ஜின் கொதித்தால், நுழைவாயில் பாசி அடைத்திருக்கும். அதற்கு ஊசி மருந்தாகாது.

வீட்டில் குழந்தைகள் இருப்போருக்கு ஒரு வார்த்தை: மெதனால் கொடிய விஷம்; அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே புலப்படாது. ஓட்டம் முடிந்ததும் எஞ்சிய எரிபொருளை எரித்துத் தீர்த்து, நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டுச் சுழற்றி வையுங்கள்.