அச்சத்தின் நடுவே அறிவைப் பகிர்ந்த ஆசிரியர்கள்

நாளை என்ன நடக்கும் என்பது தெரியாத காலத்தில், அறிந்தவர்களும் வாய் திறக்கத் தயங்குவர். 1987 மே மாதம், உடுப்பிட்டி அடங்கிய வடமராட்சியில் இலங்கை இராணுவம் பெரும் தாக்குதலை ஆரம்பித்தது. ஒக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. யாரிடம் எதைப் பேசலாம் என்ற ஐயம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் பற்றிக்கொண்டது. இத்தகைய சூழலில் தகவல்கள் நம்பிக்கைக்குரிய சிலருக்குள் முடங்கும். வெளியே வதந்தியே உலாவும்.

அந்த மௌனத்தை உடைக்கவே 1988இல் 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்' அமைப்பு உருவானது. மக்களின் சாட்சியங்களைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எல்லாத் தரப்பினரின் மீறல்களையும் அது எழுதியது. அதன் விலை பெரிது. உடற்கூற்றியல் துறைத் தலைவர் கலாநிதி ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் சக ஆசிரியர்கள் மூவரும் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் வெளியானது.

அவ்வாண்டு ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். அந்த அநீதியையும் இதே அமைப்பு பதிவு செய்தது. தமிழ்க் கல்வியாளர்களின் அந்தச் சாட்சியம் இன்றும் நம் கையில் இருக்கிறது. தனிமனிதத் துணிவு மட்டுமல்ல, ஒருவர் கூற்றை இன்னொருவர் சரிபார்த்த கூட்டுழைப்பும் அதைக் காப்பாற்றியது.