ஒரு தளபதியின் வரவும் செலவும்

ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி செங்கல்பட்டில் 1928-ல் பிறந்தவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு ராணுவத்துக்குப் போனார். 1946-ல் மஹார் ரெஜிமென்டில் அதிகாரி ஆனார். ஓய்வு பெற்றது 1988 மே. மொத்த சர்வீஸ் 42 ஆண்டு. அதில் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தது 28 மாதம்தான். செங்கல்பட்டு மாவட்டத்தின் செய்யூர்ப் பக்கம் இவர் பேச்சு எழுந்தால் மண்ணின் மைந்தர் என்ற பெருமையும் ஈழத்தின் ஆறாத கோபமும் ஒன்றாகவே வந்து நிற்கும். அதனால் எண்களை எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் வரவு. காங்கோவில் ஐ.நா. படை, 1965 போர், 1971-ல் வங்கதேசப் போர்முனை என எல்லாவற்றிலும் இருந்தவர். காலாட்படையிலிருந்து வந்து 1-வது கவசப் படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் அதிகாரி இவரே. நடந்தே போருக்குப் போன சிப்பாயைக் கவச வண்டியில் ஏற்ற வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1979-ல் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் உருவானதில் இவர் பங்கு பெரியது.

1986 பிப்ரவரி 1-ல் தலைமைப் பொறுப்பு. 51 நாள் கழித்து, மார்ச் 24-ல், போபர்ஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது: 155 மி.மீ. பீரங்கி 410, விலை சுமார் 1,437 கோடி ரூபாய். வகுத்தால் பீரங்கி ஒன்றுக்கு மூன்றரைக் கோடி. குண்டுகளும் உதிரி பாகங்களும் அதில் அடக்கம். கைமாறியதாகச் சொல்லப்பட்ட லஞ்சம் 64 கோடி, அதாவது நூற்றுக்கு நாலரை ரூபாய். அந்த நாலரை ரூபாய் ஓர் ஆட்சியையே கவிழ்த்தது. பணம் வாங்கியவர் பெயரைச் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்வோம் என்று கம்பெனியை மிரட்டலாம், அந்த ஆபத்தை ராணுவம் தாங்கும் என்று 1987-லேயே அரசுக்குச் சொன்னதாக, ஓய்வுக்குப் பின் 1989-ல் சுந்தர்ஜி வெளிப்படையாகப் பேசினார். பதவியில் இருந்தபோதே ஊர் அறியச் சொல்லியிருந்தால் அதன் எடை வேறாக இருந்திருக்கும்.

அதே 1986-ல் அருணாசல எல்லையில் சும்தோரோங் சூ பள்ளத்தாக்கில் சீனர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1962-ல் நம் சிப்பாய்கள் பருத்திச் சட்டையோடு நடந்துபோய்ச் செத்த பகுதிக்குப் பக்கம் அது. இந்த முறை ஒரு பிரிகேடையே ஹெலிகாப்டரில் ஜிமிதாங்கில் இறக்கினார் சுந்தர்ஜி. ஒரே தடவையில் 20 டன் சுமக்கும் எம்.ஐ.-26 அதற்கு உதவியது. போர் மூளவில்லை. அவர் கணக்கில் நான் மிக உயர்வாக மதிக்கும் பதிவு இதுதான். அடுத்து வந்த ராஜஸ்தான் பயிற்சியான பிராஸ்டாக்ஸில் 4 லட்சம் பேர் வரை திரட்டப்பட்டதாக மதிப்பீடுகள் உண்டு. பாகிஸ்தானும் படையைக் குவிக்க, 1987 ஜனவரியில் போர் வாசல்வரை வந்து திரும்பியது.

இனி செலவு. அதை ரூபாயில் எழுத முடியாது.

1984 ஜூன் பொற்கோயில் நடவடிக்கையின்போது மேற்குப் பிராந்தியத் தளபதி இவர். அரசின் வெள்ளை அறிக்கைப்படியே ராணுவத்தில் 83 பேர் பலி; எதிர்த்தரப்பும் பொதுமக்களும் சேர்த்து 493. சீக்கியர்கள் சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு.

1987 அக்டோபர் 11 இரவு. இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் இறங்கி விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிப்பது திட்டம். எதிரி அதை முன்பே அறிந்து காத்திருந்தான். அங்கே இறங்கிய சீக் லைட் இன்ஃபன்ட்ரி பிளட்டூனில் 30 பேர். துப்பாக்கிச் சூடு தாங்காமல் ஹெலிகாப்டர்கள் மேற்கொண்டு வர முடியவில்லை. மறுநாள் முற்பகல்வரை சண்டை போட்டார்கள். குண்டு தீர்ந்தபோது மிஞ்சியது மூன்று பேர். துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். உயிரோடு பிடிபட்டது ஒருவர். 30-ல் 29 போயிற்று.

பத்து நாள் கழித்து, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்தது. செத்தவர்கள் சுமார் 70 பேர். அதில் மருத்துவர், செவிலியர், ஊழியர் என 21 பேர். உத்தரவு எந்தப் படியில் கொடுக்கப்பட்டிருந்தாலும், அந்தப் படையின் தலைமை டெல்லியில் இவர் மேசையில்தான் இருந்தது. இந்தப் பதிவை நான் கழிக்க மாட்டேன். அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பும்வரை இறந்த இந்திய வீரர்கள் சுமார் 1,200; அதில் கடைசி 22 மாதச் சாவுகள் இவர் ஓய்வுக்குப் பிறகு நடந்தவை.

1998-ல் நரம்புச் சிதைவு நோய் கண்டது. 105 பகுதியாகத் திட்டமிட்ட சுயசரிதையில் எழுதி முடித்தது 33. 1999 பிப்ரவரி 8-ல், 70 வயதில் காலமானார். மூன்று மாதத்தில் கார்கில் போர் வந்தது. நம் பீரங்கிப் படை அங்கே சுட்டது சுமார் இரண்டரை லட்சம் குண்டுகள். மலைமுகட்டைத் திருப்பிப் பிடிக்கப் பெரிதும் உதவியது போபர்ஸ்.

செங்கல்பட்டு மாவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம ஊர் ஜெனரல் என்று வகுப்பில் இவர் பெயரைச் சொல்லும்போது 410 பீரங்கியோடு நிறுத்தாதீர்கள். அந்த 29 சிப்பாய்களையும், ஆஸ்பத்திரியில் செத்த 70 பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.