வெட்டிப் பிரித்த தீவு

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்குத் தென்மேற்கே, ரைன் ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவில் கிடக்கும் கூகொப்ஃப் என்னும் தீவு, காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஸ்ரீரங்கத்தைப் போல ஆறு தானே பிரிந்து உண்டானதன்று; 1828, 1829 ஆம் ஆண்டுகளில் மனிதர்கள் வெட்டிப் பிரித்த நிலம் அது. மேற்குக் கரையோடு ஒட்டியிருந்த நிலத்தைக் கிழக்கே நீண்டு சுற்றிக்கொண்டு ஓடிய ரைன், வளைவின் கழுத்தில் நேர்வழி வெட்டப்பட்டதும் அவ்வழியே பாய, கரையிலிருந்த வயல்கள் தீவாயின. இப்பணியை நடத்தியவர் டார்ம்ஸ்டாட்டைத் தலைநகராகக் கொண்ட ஹெஸ்ஸன் பெருங்கோமகனாட்சியின் பொறியாளர் கிளவுஸ் குரோன்கெ. வெள்ளத்தைத் தணிக்க பாடன் நாட்டுப் பொறியாளர் துல்லா வகுத்து, 1876 வரை நீண்ட நேராக்கும் பெருந்திட்டத்தின் ஒரு கண்ணி இது. அத்திட்டத்தால் பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் இடையே ஆறு ஏறத்தாழ 81 கிலோமீட்டர் குறுகியது.

கைவிடப்பட்ட வளைவு இன்று 'ஆல்ட்ரைன்', அதாவது பழைய ரைன், எனப்படுகிறது. 1631 இல் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப் படையுடன் ரைனைக் கடந்ததன் நினைவாக எர்ஃபெல்டன் ஊருக்கருகே எழுந்த தூண், பேராறு விலகிப்போனதால், இப்போது அமைதியான இக்கிளையின் கரையில் நிற்கிறது.

போர்களும் மன்னர்களும் தூண் பெற்ற அளவுக்கு, இத்தீவில் உழுதவர்கள் நினைவில் இடம்பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது. குன்டர்ஸ்ஹவுசன் என்னும் பண்ணையை மையமாகக் கொண்டு இங்கே உழவும் கால்நடை வளர்ப்பும் பழமரச் சாகுபடியும் நடந்தன. அவர்களின் ஆண்டுக் கணக்கை வகுத்தது 'கோடைக் கரை' என்னும் தாழ்ந்த மண்ணணை: பயிர் நிற்கும் மாதங்களில் வரும் நடுத்தர வெள்ளத்தை அது தடுக்கும், பெருவெள்ளம் வந்தாலோ அதன்மேல் வழிந்து வயலில் புகும். ஆற்றோடு முழுதாகப் பகைக்காத ஏற்பாடுதான் என்றாலும், ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் உழைப்பை அது கோரியது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ரைனே மாநில எல்லையாகிவிட, தீவு ஹெஸ்ஸனோடும் அதன் பழைய மேற்குக்கரை ஊர்கள் ரைன்லாந்து-பாலட்டினேட்டோடும் சேர்ந்தன. 1952 இல் இப்பகுதி இயற்கைக் காப்பகமானது. ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் பரப்புடன் ஹெஸ்ஸனின் மிகப்பெரிய காப்பகம் இதுவே. ஆயினும் காப்பகத்துக்குள் உழவு தொடர்ந்தது, 1983 வரை. அவ்வாண்டு வெள்ளம் கோடைக் கரையை உடைத்தபோது, அதை மீண்டும் கட்டுவதில்லை என்ற முடிவு எடுக்கப்பட்டது. ஒரு கரையைச் செப்பனிடாமல் விட்டது, பல தலைமுறைகளின் வேளாண் வாழ்வை முடித்து வைத்தது.

உழுத நிலத்தில் வில்லோ மரங்கள் தாமே முளைத்துக் காடாயின. கரும்பருந்துகளுக்கு அது நல்ல இருப்பிடம். காட்டின் வளத்தை மட்டும் வியந்து, அதற்கு விலையாய்ப் போன வயலை மறப்பது நேர்மையன்று. பண்ணைக் கட்டடங்களில் இன்று சுற்றுச்சூழல் கல்வி மையம் இயங்குகிறது; தீவின் புல்வெளிகளில், உழவர்கள் வளர்த்த பழைய ரக ஆப்பிள் மரங்கள் இன்னும் காய்க்கின்றன.