விசா திண்ணை வரைக்கும்தான்

சீனாவில் பல வருடமாக வேலை பார்க்கும் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தால், டீ ஆறுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "உங்க விசா எத்தனை வருஷத்துக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் செல்லுபடியாகும் விசா என்று அவரிடம் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. அவர் அங்கே இருப்பது முழுக்கச் சட்டப்படிதான். இந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டால், வெளிநாட்டவர் ஒருவரின் அன்றாடம் அங்கே எப்படி ஓடுகிறது என்பதில் பாதி புரிந்துவிடும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

சீனாவுக்கு வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது 'இசட்' வகை விசா. அதற்கு முன்பே, வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அவருடைய பட்டச் சான்றையும் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றையும் அரசிடம் காட்டி, வேலை அனுமதிக்கான அறிவிப்புக் கடிதம் வாங்கியிருக்கும். அந்தக் கடிதம் இருந்தால்தான் விசா. பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் அந்த விசாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று போட வேண்டிய இடத்தில் வழக்கமாக மூன்று பூஜ்யம் இருக்கும்: 000. முதல் முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

பயப்பட ஒன்றுமில்லை. 'உள்ளே வா, எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை 30 நாளுக்குள் உள்ளூரில் போய்க் கேட்டுக்கொள்' என்பதுதான் அந்தப் பூஜ்யங்களுக்குப் பொருள். விசா நம்மைத் திண்ணை வரை கொண்டுபோய் விடுகிறது. வீட்டுக்குள் இடம் தருவது வேறொரு தாள். அதன் பெயர் குடியிருப்பு அனுமதி. இரண்டுமே பாஸ்போர்ட்டின் பக்கத்தில் ஒட்டும் தாள்கள், பார்க்கவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதனால்தான் அங்கேயே இருப்பவர்கள்கூட இரண்டையும் 'விசா' என்றே சொல்லிவிடுகிறார்கள். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

இறங்கியவுடன் இன்னொரு கெடு இருக்கிறது. 2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குடிவரவுச் சட்டப்படி, ஓட்டலில் தங்காத வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் தங்கும் முகவரியைப் போலீசில் பதிய வேண்டும். ஓட்டல் என்றால் வரவேற்பு மேசையிலேயே அதை முடித்துவிடுவார்கள். வாடகை வீடோ நண்பர் வீடோ என்றால், 'பாய்ச்சூசுவோ' எனப்படும் வட்டாரப் போலீஸ் நிலையத்துக்குப் பாஸ்போர்ட்டோடும் வாடகை ஒப்பந்தத்தோடும் போகிறோம். பல நகரங்களில் இப்போது கைப்பேசியிலேயே பதியலாம். கையில் கிடைப்பது ஒரே ஒரு தாள்: பெயர், பாஸ்போர்ட் எண், முகவரி, கீழே வட்டமான சிவப்பு முத்திரை. சாதாரணத் தாள் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த படியில் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்த படி குடியிருப்பு அனுமதி. நகரத்தின் குடிவரவு அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறோம். சட்டப்படி 15 நாள் வரை ஆகலாம். வேலைக்கான இந்த அனுமதி குறைந்தது 90 நாள், அதிகபட்சம் 5 வருடம். பலருக்கு வேலை ஒப்பந்தத்தை ஒட்டி வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருக்கும். இது கையில் இருக்கும் வரை எத்தனை முறை ஊருக்குப் போய்த் திரும்பினாலும் புதிதாக விசா வேண்டாம். ஆனால் இது அந்த வேலையோடு கட்டிய கயிறு. வேலை மாறினால் கயிற்றை அவிழ்த்து வேறு முளையில் கட்ட வேண்டும். கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான் என்று 10,000 யுவான் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு.

இனி அன்றாடம். பாஸ்போர்ட்டைக் காட்டிச் சிம் கார்டு வாங்குகிறோம். அந்த எண்ணைக் கொடுத்து வங்கிக் கணக்கு திறக்கிறோம். அந்தக் கணக்கை வீசாட், அலிபே போன்ற கைப்பேசிப் பணப்பையில் இணைக்கிறோம். அதன் பிறகு காய்கறிக் கடையில் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து காசு கொடுப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, மின் கட்டணம் கட்டுவது எல்லாம். மாலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பூவும் முந்தைய பூவை ஒட்டி நிற்கும், எல்லாவற்றையும் தாங்குவது உள்ளே ஓடும் நார். இங்கே அந்த நார் பாஸ்போர்ட் எண்.

சீனர்களுக்கு அந்த நார் அறுவதே இல்லை. அவர்களுடைய அடையாள எண்ணில் 18 இடங்கள்: முதல் 6 ஊருக்கு, அடுத்த 8 பிறந்த தேதிக்கு, பிறகு 3 வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. நம் ஆதார் எண் போல ஆயுள் முழுக்க அதே எண். நம் பாஸ்போர்ட் அப்படியில்லை. பத்து வருடத்தில் முடிந்து புதிது வாங்கும்போது எண்ணே மாறிவிடுகிறது. ஆள் அதே ஆள்தான். கணினிக்கு மட்டும் அவர் யாரோ புதியவர்.

அப்போது மாலையை மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். குடிவரவு அலுவலகத்துக்கு 10 நாளுக்குள் போக வேண்டும். முகவரிப் பதிவு, வேலை அனுமதி, சிம், வங்கி, கைப்பேசிப் பணப்பை, ரயில் கணக்கு என்று வரிசையாக மாற்ற வேண்டும். சிம்மை விட்டுவிட்டு வங்கியை மாற்றப் போனால், 'பெயரும் எண்ணும் பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். பெயரிலும் கவனம் வேண்டும். நம்மவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா, நடுவில் இடைவெளி உண்டா என்பதை ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு விதமாகத் தட்டியிருக்கும். ஒரே ஒரு இடைவெளி கூடக்குறைய இருந்தாலும் வங்கிக் கணக்கு பணப்பையோடு சேராது.

இதற்குத் தீர்வு வராமல் இல்லை. நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்ற வெளிநாட்டவருக்கு 2023 டிசம்பர் முதல் தரும் புதிய அட்டையில், 9 என்று தொடங்கும் 18 இலக்க எண் இருக்கிறது. சீனர்களின் எண் போலவே நீளம். ஆனால் அந்த அட்டை எல்லோருக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

அதனால் அடுத்த முறை அவரிடம், "பாஸ்போர்ட் எப்போ முடியுது?" என்று கேட்டுப் பாருங்கள். தன் பாட்டைப் புரிந்துகொண்டு ஒருவர் கேட்கிறாரே என்று மனம்விட்டுப் பேசுவார். பையைத் திறந்தால் இரண்டு பாஸ்போர்ட் இருக்கும். ஒன்று புதிது. இன்னொன்று, மூலை வெட்டிய பழையது. இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று ஏதாவது ஒரு மேசையில் காட்ட வேண்டிவரும் என்பதால், அந்தப் பழையதை அவர் வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை.