காலேஜை விட்டுட்டு பைலட் ஆகலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

ஒவ்வொரு பேட்ச்சிலும் அரியர் லிஸ்ட் வந்த மறுநாள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் இந்தப் பேச்சு வரும். "பேசாம டிஸ்கன்டின்யூ பண்ணிட்டு பைலட் ட்ரெயினிங் போயிடலாம்டா." பாதி பேர் அதை விளையாட்டாகச் சொல்வாங்க. மீதிப் பேர் நிஜமாகவே யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பேருக்கு.

முதல்ல நல்ல செய்தி. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சிபிஎல், வாங்க டிகிரி தேவையில்லை. 18 வயசு ஆகியிருக்கணும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படிச்சிருக்கணும். இன்ஜினியரிங் சீட் வாங்கின உங்ககிட்ட இரண்டும் ஏற்கெனவே இருக்கும். அதனால் "டிகிரி இல்லாம முடியுமா" என்ற கேள்விக்குப் பதில், முடியும். எந்த வரிசையில் செய்யணும், எவ்வளவு பணம் ஆகும், நடுவில் ஏதாவது தடங்கல் வந்தால் எங்கே நிற்பீங்க என்பதுதான் நீங்க பார்க்க வேண்டியது.

மெடிக்கல்தான் முதல் படி

எதற்கும் பணம் கட்டும் முன்னாடி மெடிக்கல் எடுங்க. சிவில் விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ, தான் அங்கீகரித்த டாக்டர்களின் பட்டியலை அதன் தளத்தில் போட்டிருக்கு. அவர்களில் ஒருவரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் எடுக்கணும். அதுக்கப்புறம் கிளாஸ் 1. பெங்களூரில் விமானப் படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம் கிளாஸ் 1 எடுக்கும் இடங்களில் ஒன்று. கண்ணாடி போட்டிருக்கோமே என்று பயப்பட வேண்டாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்து, பவர் வரம்புக்குள் இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால்தான் பெரிய சிக்கல். பலருக்கு அது இருப்பதே இந்தப் பரிசோதனை வரைக்கும் தெரியாது. டிசி வாங்கிட்டு வந்த பிறகு அது தெரிய வந்தால் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தேர்வுகளும் 200 மணி நேரமும்

அடுத்து எழுத்துத் தேர்வுகள். ஏர் நேவிகேஷன், வானிலையியல், ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் என்று தனித்தனி பேப்பர்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்கணும். நம்ம செமஸ்டர் மாதிரி பாஸ் மார்க் ஒட்டி தப்பிக்க முடியாது. இதோடு ரேடியோவில் பேசுவதற்கான லைசென்ஸும் தனியாக உண்டு. தேர்வு எழுத டிஜிசிஏ ஒரு கம்ப்யூட்டர் நம்பர் கொடுக்கும். அதற்கு உங்க பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை போர்டு சரிபார்த்துத் தரணும். இதுக்கே சில வாரங்கள் போகலாம்.

பிறகு பறப்பது. மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்ட் ஆக, அதாவது விமானத்துக்கு முழுப் பொறுப்பும் நீங்களே ஏற்று ஓட்டியிருக்கணும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஓட்டும் கிராஸ் கன்ட்ரி 20 மணி நேரம் இருக்கணும். அதில் ஒரு பயணம் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையக் கூடாது. நம்ம கணக்கில் சுமார் 555 கிலோமீட்டர். இரவில் ஓட்டுவதற்கும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கும் தனித்தனி மணிக்கணக்கு உண்டு.

200 மணி நேரம்னு கேட்டால் சின்னதா தெரியும். ஆனா மழைக்காலத்தில் பறக்க முடியாது, பனிமூட்டம் இருந்தால் முடியாது, விமானம் சர்வீஸுக்குப் போனால் முடியாது. அதனால் ஒரு வருடத்தில் முடிக்கத் திட்டமிட்டது இரண்டு வருடம் வரை இழுப்பது சாதாரணம். ஸ்கூலைத் தேர்ந்தெடுக்கும்போது பிரோஷரைப் பார்க்காதீங்க. எத்தனை விமானம் இப்போ ஓடுற நிலையில் இருக்கு, எத்தனை மாணவர்கள் இருக்காங்க, போன பேட்ச் எத்தனை மாதத்தில் முடிச்சாங்க என்று அங்கே படிக்கிறவங்ககிட்டயே கேளுங்க. மத்திய அரசின் இந்திரா காந்தி அகாடமி உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கு. நுழைவுத் தேர்வு எழுதித்தான் அங்கே சேர முடியும்.

பணம்

இதுதான் வீட்டில் சண்டை வரும் இடம். சிபிஎல் முடிக்க இன்றைக்குச் சுமார் 50 லட்சம் ஆகும் என்று வச்சுக்கலாம். அதோட முடியாது. ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 ஓட்டுவதற்கு டைப் ரேட்டிங் என்ற தனிப் பயிற்சி வேணும், அதற்கும் பல லட்சம்.

50 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 15 வருடக் கடனாகப் போட்டுப் பாருங்க. மாத இஎம்ஐ சுமார் 53,700 ரூபாய் வரும். அவ்வளவு பெரிய கல்விக் கடனுக்கு வங்கி பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்கும். அது பெரும்பாலும் நீங்க வளர்ந்த வீடாகத்தான் இருக்கும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது உங்க அப்பா அம்மா. அதனால் இந்த முடிவை அவங்ககிட்ட மறைச்சு எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

வேலை கிடைக்குமா?

2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தாங்க. அவற்றை ஓட்ட ஆள் வேணும், அது உண்மை. ஆனா 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்னுபோச்சு. 2020இல் கொரோனா. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்னுபோச்சு. ஒவ்வொரு தடவையும் அனுபவமுள்ள பைலட்டுகள் மொத்தமா வேலை தேடி வந்தாங்க. 200 மணி நேரம் மட்டும் வச்சிருக்கிற புதுப் பைலட் அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கணும். அவர் காத்திருந்தாலும் இஎம்ஐ காத்திருக்காது.

இன்னொன்று, பைலட்டுக்கு மெடிக்கல் ஒரு தடவையோடு முடியாது. வேலையில் இருக்கும் வரைக்கும் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். முப்பத்தைந்து வயசில் ஒரு இதயப் பிரச்சினை வந்தால் லைசென்ஸ் கையில் இருந்தும் ஓட்ட முடியாது. டிகிரிக்கு மதிப்பு வருவது அங்கேதான்.

அப்போ என்ன செய்யலாம்?

மூன்றாம் வருடத்தைத் தாண்டிட்டீங்கன்னா முடிச்சுட்டுப் போங்க. இருபத்திரண்டு வயசு பைலட் பயிற்சிக்கு லேட்டே இல்லை. முதல் இரண்டு வருடத்தில் இருந்தால், விலகாமலே மூணு வேலையை முடிக்கலாம்: கிளாஸ் 2 மெடிக்கல், கம்ப்யூட்டர் நம்பர், லீவில் படிச்சு ஒன்றிரண்டு பேப்பர். இந்த மூணும் முடிஞ்ச பிறகும் ஆசை அப்படியே இருந்தால், அது அரியர் மேல இருந்த கோபம் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் விலகுவதாக இருந்தாலும், அண்ணா பல்கலைக்கழக விதிகளில் இருக்கும் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' பற்றி ஆபீஸில் முதலில் விசாரிங்க. திரும்பி வர ஒரு கதவு திறந்தே இருக்கும். முழுசா விலகினால், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி பிடிச்சு வைக்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ விதி. கேட்டு வாங்குங்க. கம்ப்யூட்டர் நம்பருக்கும் அந்த மார்க் ஷீட்தான் வேணும்.